பின்னறையில் ஒரு சரக்கு விண்கலம்

விண்வெளிப் படம் மாதிரி அறை என்றதும் எல்லாரும் நினைப்பது நீல வெளிச்சம், வெள்ளைச் சுவர், பளபளக்கும் கண்ணாடி. இணையத்தில் தேடினாலும் அதேதான் வந்து விழுகிறது. என் வேலை அறைக்கு அது வேண்டாம். 1979-இல் வந்த ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' படத்தில் நோஸ்ட்ரோமோ என்று ஒரு கலம் வருமே, அது மாதிரி வேண்டும். ஒரு சுத்திகரிப்பு ஆலையையே இழுத்துக்கொண்டு போகும் சரக்குக் கலம். அதில் இருக்கும் ஏழு பேரும் வீரர்கள் இல்லை, கம்பெனி ஆட்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனஸில் தங்கள் பங்கு குறைச்சல் என்று முறையிடுகிறார்கள். மலேசியத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதா என்ன?

2020 மார்ச்சில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து என் வேலை வீட்டோடுதான். கோலாலம்பூரில் சில சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007-க்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தாய், வயசானவர்களுக்கு இன்றைக்கும் அதுதான். இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு நடந்தது. ஊரைச் சுற்றிச் செம்பனை, வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன குளங்கள். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், விண்கலத்துக்கு வேண்டிய சாமான் முழுக்க இங்கேயே கிடந்தது.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறை, பத்துக்குப் பதினொன்று அடி. மேற்கே ஒரு ஜன்னல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. சுவரின் கீழ்ப்பக்கம் ஈரம், அதில் கறுப்புப் பூஞ்சை. அலங்காரத்துக்கு முன்னால் இதை முடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் சுவரில் பலகை அடித்த பிறகு பின்னால் என்ன முளைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சுவர் விரிசலை அடைத்து, பூஞ்சை மருந்து தடவி, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத பெயின்ட் அடித்தோம். நிறம் நடுத்தரச் சாம்பல். கறுப்பு அடித்தால் படத்தில் வருகிற மாதிரி இருக்கும் என்று பலர் சொல்வார்கள். பத்தடி அறையில் கறுப்பு அடித்தால் கிணற்றுக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மாதிரிதான் இருக்கும்.

சுவர்ப் பலகைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கூடாது. நம் ஊர் ஈரத்தில் உப்பிவிடும். பிளைவுட் போட்டால் கறையானுக்கு விருந்து. விளம்பரப் பலகை செய்யும் கடையில் பிவிசி ஃபோம் போர்டு வெட்டித் துண்டுகளாக மிஞ்சும். மூன்று மில்லி, ஐந்து மில்லி கனத்தில் மலிவாகக் கொடுத்தார்கள். கத்தியாலேயே வெட்டலாம். அலுமினியச் சட்டத்தில் திருகாணி போட்டு மாட்டினேன், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு. காற்றும் போகும், வயரும் ஒளியும். ஒவ்வொரு பலகையும் தனியாகக் கழற்ற வர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள். மழைக்காலம் வந்தால் ராத்திரியில் ஒவ்வொன்றாக விழும்.

வெறும் பலகை சமையலறை அலமாரி மாதிரிதான் தெரியும். அதன் மேல் ஒட்டும் சின்னச் சின்ன உருப்படிகள்தான் அதைக் கலமாக்குகின்றன. 'ஸ்டார் வார்ஸ்', 'ஏலியன்' இரண்டிலும் வேலை செய்த ரோஜர் கிறிஸ்டியன், பழைய விமானங்களின் கழிவுச் சாமானை வாங்கி வந்து அரங்கில் அடுக்கியவர். நமக்கு விமானம் எங்கே கிடைக்கும்? பழைய பிரின்டரின் குடல், விசைப்பலகையின் முதுகு, துணி துவைக்கும் மெஷினின் வடிகால் குழாய், மருந்து டப்பா மூடி, இதெல்லாம் போதும். தனித்தனியாகப் பார்த்தால் குப்பை. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பிரைமர் ஸ்ப்ரே அடித்ததும் எது என்னவென்று தெரியாமல் போய்விடுகிறது. பிளாஸ்டிக் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே பிரைமர் பிடிக்கும்.

கனமான சாமானுக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கேதான் ஆலைச் சாமான் வந்து குவியும். தவுக்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, தமிழ் நன்றாக வரும். நான் கிளறுவதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வீட்ல பாய்லர் போடப் போறியா?" என்றார். வார்ப்பிரும்பு வால்வு கிலோ கணக்கில் மலிவுதான். பித்தளை என்றால் தவுக்கே சிரிப்பதை நிறுத்திவிடுவார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. பழைய நீராவிக் குழாய் மேல் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சு மாதிரியான உறையைக் கண்டதும் என் கையைத் தட்டிவிட்டார். அந்தக் காலத்து உறையில் கல்நார் இருக்கும், தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அதே மாதிரி, பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்கக் கூடாது, தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

அதற்கப்புறம் அறை என் கையை விட்டுப் போய்விட்டது. அழகாக இருக்கட்டும் என்று மூன்று அழுத்தமானிகளைச் சுவரில் ஒரு வரிசையாக மாட்டியிருந்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இந்த மீட்டர் எதைப் பார்க்குது?"

"சும்மாதான்ப்பா. படத்துல வர்ற மாதிரி."

"சும்மா எப்படி? மீட்டர்னா பின்னால குழாய் வரணும். குழாய்னா எங்கிருந்தோ வந்து எங்கியோ போகணும். முள்ளு பூஜ்யத்துல நின்னா ஆலை நிக்குதுன்னு அர்த்தம்."

நான் பதில் சொல்வதற்குள் ஒன்றைக் கழற்றிவிட்டார். கண்ணாடியை எடுத்தால் உள்ளே வளைந்த ஒரு செம்புக் கலவைக் குழாய். அழுத்தம் ஏறும்போது அது நிமிரப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது. முள்ளை இரண்டு கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, 40-க்கு நேராக வைத்து அமுக்கினார். செம்பனைக் குலையை நீராவியில் அவிக்கும்போது இரண்டு தடவை அழுத்தத்தை ஏற்றி இறக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவார்களாம். மூன்றாவது ஏற்றத்தில்தான் 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), சுமார் 140 டிகிரி சூடு. வேலைக்காலம் பூராவும் அந்த எண்ணைப் பார்த்தே கழித்தவர், வேறு எங்கே வைப்பார்?

அதோடு விடவில்லை. ஓடுகிற ஆலையில் முள் லேசாக ஆடுமாம். சரி என்று ஒரு சின்ன சர்வோ மோட்டாரும் அதை இயக்க ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையும் வாங்கினேன். இப்போது மூன்றில் ஒரு முள் மட்டும் 38-க்கும் 40-க்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராதபோது அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

குழாய்க்கு எனக்கு ஒரே சாம்பல் போதும். அப்பாவுக்குப் போதாது. பிரிட்டிஷ் தரத்தின்படி தண்ணீர் பச்சை, நீராவி வெள்ளிச் சாம்பல், எண்ணெய் பழுப்பு, அழுத்தக் காற்று இளநீலம். பிவிசி குழாய்தான், ஆனால் அந்தக் கணக்கில்தான் நிறம் அடித்தோம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தாளில் அவரே வரைந்து கொடுத்தார். வால்வுகள் எல்லாம் நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு வந்தன. நோஸ்ட்ரோமோவின் பல பகுதிகளை வரைந்த ரான் கோப், கலம் நிஜமாகவே ஓடுவதாக வைத்துக்கொண்டு வரைந்தவர் என்று படித்திருக்கிறேன். அவர் வரைந்ததையும் அப்பா வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் பழைய திட்டம் ஏன் கல்யாண மண்டப மேடை மாதிரி இருந்தது என்று புரிந்தது.

பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் (வெள்ளீயம் தோண்டும் மிதவை இயந்திரம்) ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எடை 4,500 டன். இந்த மாதிரி அறை செய்ய நினைப்பவர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்குப் பதில் அங்கே ஒரு நடை போய்வரலாம். இரும்பு எந்த இடத்தில் தேயும், எந்த இடத்தில் துரு வழியும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பழசாக்கும் வேலை சுலபம். கறுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துப் பலகை முழுக்கத் தடவி உடனே துணியால் துடைத்தால் இடுக்கில் மட்டும் அழுக்கு நிற்கும். கை படுகிற விளிம்பில் காய்ந்த தூரிகையால் வெள்ளி நிறம். திருகாணிக்குக் கீழே பழுப்பு ஒரு கோடு. இதில் கை நிற்காது, நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைப் பலகைகளுக்கு ரான் கோப் அந்தப் படத்துக்காக ஒரு முழு வரிசைச் சின்னங்கள் வரைந்திருக்கிறார். அவற்றை அப்படியே ஒட்ட மனம் வரவில்லை. நம் மின்நிலைய வேலியில் 'அபாயம்' என்று நான்கு மொழியில் பலகை தொங்குமே, அந்தப் பாணியில் நானே செய்தேன். விண்வெளிப் படங்களில் அடிக்கடி வரும் சதுர வாட்ட எழுத்துரு 1952-இல் இத்தாலியில் உருவான மைக்ரோகிராமா. அதன் மூலைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தைக் கட்டத்தாளில் வரைந்தேன். 'ண'தான் உயிரை எடுத்துவிட்டது.

இனி விளக்கு. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பலகை சுமாராக இருந்தாலும் வெளிச்சம் காப்பாற்றும். வெளிச்சம் சரியில்லை என்றால் எதுவும் காப்பாற்றாது. புள்ளி புள்ளியாகத் தெரியாத 24 வோல்ட் எல்இடி பட்டை வாங்கி, பால் நிற மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தேன். பட்டை கண்ணுக்குத் தெரியக் கூடாது, அது அடிக்கும் வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். மீட்டருக்குப் பத்து வாட், எட்டு மீட்டர், ஆக 80 வாட். அதற்கு 100 வாட் மின்வழங்கி. நீளம் அதிகமானால் கடைசி முனை மங்கும், அதனால் இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும். வேலை மேசைக்கு 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை, திரைக்குப் பின்னால் 6500. பலகை இடுக்குகளில் மஞ்சள். சிவப்பு ஒரே ஒரு சின்ன விளக்குதான். அறை முழுக்கச் சிவப்பு போட்டு எட்டு மணி நேரம் ரசீது பார்க்க முடியாது.

சுவருக்குள் போகிற வயரை உரிமம் உள்ள வயர்மேன்தான் தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை இந்த அறைக்குத் தனியாகப் போடச் சொன்னேன். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இல்லாத மின்வழங்கியை அவர் கையால்கூடத் தொடவில்லை. நமக்குச் சாயங்கால இடி பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்ததும் ஒரே சுவிட்ச்சில் கலம் முழுக்க அணைகிறது, பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன்.

ஏர்கோனை (ஏசி) பெட்டிக்குள் மறைக்க முடியாது. மேலிருந்து காற்றை இழுப்பதால் அடைத்தால் குளிராது, தண்ணீரும் சொட்டும். அப்படியே விட்டு, மேலே நான்கு எச்சரிக்கை ஒட்டிகள் மட்டும். ஜன்னலுக்குக் கீல் வைத்த பலகை, காலையில் திறப்பேன்.

ஆயுத பூஜைக்கு அம்மா ஒன்றையும் விடவில்லை. கணினி, கால்குலேட்டர், மூன்று மீட்டர், ஐந்து வால்வு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வால்வில் இருந்ததை மட்டும் நான் துடைக்கவில்லை. நாற்பது வருஷம் ஓடிய ஆலையில் அது இல்லாமல் இருக்காது என்பது அப்பாவின் கட்சி.

செலவு கேட்பவர்களுக்கு: சுமார் 1,900 ரிங்கிட். விளக்கும் வயர்மேன் கூலியும் சேர்ந்து பாதிக்கு மேல். இரும்புக் கடையில் 150 ரிங்கிட்தான், அதுவும் தவுக்கே ஒரு வால்வைச் சும்மா கொடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தன் கரோக்கே அறையையும் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். அப்பா போய்ப் பார்த்தார். முதலில் கூரை ஒழுகலை அடை, அப்புறம் கப்பல் கட்டலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏணியோடு மேலே ஏறப்போகிறார்கள்.