பழைய இஞ்சின் ஏன் செத்தது? வீட்டில் முதல் இஞ்சின் மாற்றுமுன் கேட்க வேண்டியது

வீட்டுப் போர்ச்சிலேயே இஞ்சின் மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது கிரேன் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்றுதான். இஞ்சினைத் தூக்குவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைதான் முதல் தடவை செய்பவரின் மூன்று நான்கு சனி ஞாயிறுகளைத் தின்னும். வேலைக்குப் போக அந்த ஒரு கார்தான் என்றால் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். திங்கட்கிழமை அவசரத்தில் முறுக்கப்படும் போல்ட்டுதான் பிறகு உடையும்.

கிரேனுக்கு முன்னால் கேட்க வேண்டியது, பழைய இஞ்சின் ஏன் செத்தது என்பதை. பழைய புரோட்டோன் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்திருக்கும். ஃபேன் மோட்டார் சோர்ந்து போயிருக்கும். ஃபெடரல் ஹைவே நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறி, டாப் கேஸ்கட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதே ரேடியேட்டரோடு நல்ல இஞ்சினை இணைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஆகவே ரேடியேட்டர், அதன் மூடி, தெர்மோஸ்டாட், மேல் கீழ் ரப்பர் குழாய்கள், ஃபேன் மோட்டார், ஃபேன் ரிலே எல்லாம் இஞ்சின் விலையோடு சேர்ந்த செலவு. இதற்குப் பணம் போதாவிட்டால் இஞ்சின் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

இனி எந்த இஞ்சின் என்பது. முதல் தடவைக்கு என் பதில் ஒன்றுதான்: காரில் இருந்த அதே இஞ்சின். புரோட்டோன் வீரா 1.5 என்றால் 4ஜி15 இஞ்சினுக்கு 4ஜி15. அதைவிடப் பெரிய 4ஜி93 போட ஆசை வரும். ஆனால் அதோடு கியர்பாக்ஸ், மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், ஈசியு என்ற இஞ்சின் கணினி எல்லாம் மாறும். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 1468 சிசி 4ஜி15க்குச் சாலை வரி வருடம் 90 வெள்ளி. 1834 சிசி 4ஜி93க்கு 297 வெள்ளி. வரி பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரே நேரத்தில் பத்து விஷயம் மாறினால், கார் ஸ்டார்ட் ஆகாதபோது குற்றவாளி எது என்று தேட வழியே இருக்காது. அதே இஞ்சினைப் போட்டால், நேற்று வரை வேலை செய்த வயரிங்கை நம்பித் தேடலாம்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிய பழைய கார்களோடு வரும் ஹாஃப் கட் இஞ்சின்கள் சுங்கை பூலோ, கிள்ளான் பக்கத்துக் கடைகளில் குவிந்து கிடக்கும். பேரம் பேசுமுன் கை அழுக்காகட்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் கூழாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் எண்ணெய் நனைந்து கருத்திருந்தால் அந்த சிலிண்டரின் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடிக்கு உள்ளே துருச்சேறு இருக்கிறதா? அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் விளிம்பில் புது சிலிகான் பிதுங்கி நிற்கிறதா? நின்றால் யாரோ ஒருமுறை திறந்து மூடியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். இன்டேக் வாய் திறந்தபடி மழையில் கிடந்த இஞ்சின் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும். இப்போது கைப்பேசியில் மாட்டும் சின்னக் கேமரா மலிவாகக் கிடைக்கிறது, பிளக் துளை வழியே உள்ளே பார்த்துவிடலாம்.

கடையிலேயே பேட்டரி வைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றச் சொல்லி கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், திராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் குறைந்து காட்டும். குளிர்ந்த இஞ்சினில் 150 பிஎஸ்ஐக்கு மேல் இருந்து, சிலிண்டருக்கு சிலிண்டர் 15 பிஎஸ்ஐக்குள் வித்தியாசம் என்றால் எனக்குத் திருப்தி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட்.

பில்லில் இஞ்சின் எண் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி இஞ்சினுக்குக் கே1 சுங்கப் படிவத்தின் நகலும் கேளுங்கள். அதே கொள்ளளவு, அதே மாடல் என்றாலும் எண் மாறுகிறது, காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள எண்ணோடு பொருந்தாது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் என்னென்ன தாள் வேண்டும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு, பரிசோதனை முடித்துப் பதிவை மாற்ற வேண்டும். கார் இன்னும் கடனில் இருந்தால் வங்கியிடமும், எப்படியும் காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவியுங்கள். எண்ணைத் தேய்க்கவோ அதன்மேல் பெயின்ட் அடிக்கவோ கூடாது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தெரேஸ் வீட்டுப் போர்ச் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். இஞ்சின் தொங்கும் கிரேன் அந்தச் சரிவில் தானாக உருளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டைல்ஸ் தரை என்றால் தடித்த பிளைவுட் விரிக்காமல் கிரேனை உருட்டினால் டைல்ஸ் வெடிக்கும். போர்ச் கூரைக் குழாயிலோ உத்தரத்திலோ செயின் பிளாக் மாட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அவை கூரைத் தகட்டைத் தாங்கப் போடப்பட்டவை. கியர்பாக்ஸோடு இஞ்சின் ஏறக்குறைய 150 கிலோ வரும். 2 டன் கிரேன் என்று எழுதியிருந்தாலும் கையை முழுக்க நீட்டினால் அதன் தாங்குதிறன் அரை டன் அளவுக்கு இறங்கிவிடும். இந்த வேலைக்கு அது போதும். காருக்கு அடியில் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும்.

இன்னொன்று, பெட்ரோல். இன்ஜெக்ஷன் காரில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் அது தானாக அணையும்வரை ஓட விடுங்கள், குழாயில் அழுத்தம் இறங்கும். பிறகுதான் பெட்ரோல் குழாயைக் கழற்றுவது. அந்த நாளில் வாசல் விளக்கும் சாம்பிராணியும் வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். வீட்டில் அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள், மாலை ஆறு மணிக்கு நீங்கள் காருக்கு அடியில் இருக்கும்போது அவர் வழக்கம்போல விளக்கேற்ற வந்துவிடுவார்.

கழற்றும்போது ஏர்கோன் கேஸை வெளியே விடத் தேவையில்லை. கம்ப்ரஸரைக் குழாய்களோடு அவிழ்த்து, முன்பக்கம் ஓரமாகக் கயிற்றில் கட்டி வைத்தால் போதும், குழாயில் எடை தொங்கக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட்டுக்காகச் சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்டோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். கீழ் பால் ஜாயின்ட்டைப் பிரித்து சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெளியே சாய்த்தால், கியர்பாக்ஸ் பக்கம் கடப்பாறை முனையால் நெம்பி ஷாஃப்ட்டை எடுத்துவிடலாம். ஷாஃப்ட்டையே பிடித்து இழுக்காதீர்கள், உள் ஜாயின்ட் அதன் ரப்பர் உறைக்குள்ளேயே கழன்றுவிடும். கியர் ஆயிலை முன்பே வடித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் எடுத்தபின் துளையில் பழைய ஜாயின்ட் துண்டையோ சரியான அளவுள்ள பிளாஸ்டிக் மூடியையோ சொருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் நழுவி இடம் மாறக்கூடும்.

வயர் சாக்கெட்டுகளுக்கு மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். சாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே நிறக் கேபிள் டை கட்டுங்கள், படமும் எடுங்கள். போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய பைகளில் போடுங்கள். இஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் வாய்ப்பகுதியான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் நீளம் வேறுவேறாக இருக்கும். ஓர் அட்டையில் பெல் ஹவுசிங் வடிவத்தை வரைந்து, துளையிட்டு, அதிலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும்.

இப்போது இரண்டு இஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேலையின் இதயம் இதுதான், இங்கே ஒரு முழுநாள் செலவழியுங்கள். ஹாஃப் கட்டோடு வரும் இன்டேக், சென்சார், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் சாக்கெட் வேறாக இருக்கலாம். பிளாக்கும் ஹெட்டும் மட்டும் புதியவையாக இருக்கட்டும், சுற்றியுள்ள மற்ற எல்லாம் உங்கள் காருடையதே வரட்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போது வயரை வெட்டி ஒட்டும் வேலையே வராது. மவுண்டிங் பிராக்கெட் துளைகள், டிப்ஸ்டிக் இடம், தண்ணீர் வாய்கள் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹீட்டர் இல்லாத நம் ஊர்க் காருக்கு ஜப்பான் இஞ்சின் வந்தால் அதன் ஹீட்டர் வாய்கள் இரண்டையும் ஒரு ரப்பர் குழாயால் வளைத்து இணைக்க வேண்டும். ஆட்டோ காரிலிருந்து வந்த இஞ்சினை மேனுவலுக்குப் போடுவதாக இருந்தால், ஃப்ளைவீலோடு அதன் போல்ட்டுகளும் பழைய இஞ்சினிலிருந்து வர வேண்டும். ஆட்டோ தட்டின் போல்ட்டுகளுக்கு நீளம் வேறு.

இஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்ற வேண்டியவை: கிராங்க்கின் முன், பின் ஆயில் சீல், கேம் ஷாஃப்ட் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங். பின்பக்க கிராங்க் சீல் சில வெள்ளிதான். அதை விட்டுவிட்டால் ஒழுகும்போது கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். பிளாக்கின் பின்னால் ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாயைக் கழற்றித் துரு பாருங்கள், அதன் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். கிரீஸ் தடவக் கூடாது, தண்ணீரில் நனைத்துச் சொருகுங்கள். இஞ்சின் ஏறியபின் அந்த இடத்துக்குக் கை போகாது. டைமிங் பெல்ட் போட்டதும் பிளக்குகள் இல்லாமல், இஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் எங்காவது கனமாக முட்டினால் பலம் போடாதீர்கள், வால்வ் பிஸ்டனைத் தொடுகிறது.

இனி இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். இங்கேதான் பொறுமை முறிகிறது, அதோடு அலுமினியமும். முதலில் பிளாக்கின் முகத்தில் மையம் பிடிக்கும் இரண்டு டவல் (dowel) பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய இஞ்சினிலேயே அவை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பின் இல்லாமல் போல்ட் போட்டால் கியர்பாக்ஸ் மையம் தப்பி, கிளட்ச்சும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் சீக்கிரம் போகும். கிளட்ச் தட்டை மையப்படுத்தும் பிளாஸ்டிக் குச்சி கிளட்ச் செட்டோடு வரும். கவர் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பெல் ஹவுசிங் கையாலேயே முழுக்க ஒட்டி உட்கார வேண்டும். கடைசி 10 மிமீ இடைவெளியைப் போல்ட் போட்டு இழுத்து மூடலாம் என்று தோன்றும். அப்படி இழுத்தால் ஹவுசிங்கின் போல்ட் காது உடையும், அல்லது கிளட்ச் தட்டு வளையும். பின்வாங்கி, கியரில் போட்டு, கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பி மறுபடி தள்ளுங்கள்.

ஆட்டோ கியர்பாக்ஸில் இது இன்னும் கண்டிப்பு. டார்க் கன்வெர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று தடவை படிப்படியாக இறங்குவது கையில் தெரியும். முழுக்க இறங்காமல் இஞ்சினோடு சேர்த்து போல்ட் இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும். ஹவுசிங் விளிம்பிலிருந்து கன்வெர்ட்டர் முகம்வரை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள், பொருத்துமுன் மறுபடி அளந்து சரிபாருங்கள்.

ஏற்றுவது இறக்கியதன் தலைகீழ்தான். கிரேனில் தொங்கும் இஞ்சினைச் சாய்க்க உதவும் லெவலர் இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்தைச் சாய்த்து உள்ளே விடலாம். இரண்டு பக்க மவுண்டிங்கையும் இஞ்சின் உருளாமல் பிடிக்கும் முன்பின் ரோல் ஸ்டாப்பரையும் தளர்வாகப் போட்டு, எடை முழுவதும் இறங்கியபின் இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகி நின்று, ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கும்.

பாடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள எர்த் வயரை மறக்கிறவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கியர் கேபிள், திராட்டில் கேபிள் வழியே பாய்ந்து கேபிளே சூடாகும். ஒருவர் ஸ்டார்ட் அடிக்கும்போது மற்றவர் மல்ட்டிமீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் துருவெடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டை நேராக அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன், இன்ஜெக்டர் சாக்கெட்டுகளையும் பிடுங்கி, 10 விநாடி சுழற்றி, நிறுத்தி, மறுபடி சுழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை செய்யுங்கள். பிறகுதான் பிளக்கும் சாக்கெட்டுகளும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, காற்றுக் குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓட விட்டு, ஃபேன் தானாக இரண்டு தடவை ஓடி நின்றால்தான் சூட்டுக் கட்டுப்பாடு சரி. அதற்கு முன் வீட்டை விட்டு ஓட்டாதீர்கள். கராக் மலைச்சாலை ஏற்றத்துக்கு முதல் வாரமே கொண்டு போகவும் வேண்டாம்.

100 கிலோமீட்டரில் மவுண்டிங், பெல் ஹவுசிங், பால் ஜாயின்ட் போல்ட்டுகளை மறுபடி சோதியுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கிடப்பிலிருந்த இஞ்சினின் கசடு புது ஆயிலில் கரைந்து வந்திருக்கும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ305 என்ற எண்ணுள்ள அபாயக் கழிவு. மூடிய கேனில் பிடித்து, எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். கொடுக்குமுன் கேனின் அடியில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரிரு தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை. மின்னும் செதில்கள் ஒட்டினால் காரை நிறுத்திவிட்டு சம்ப்பைத் திறக்க வேண்டும்.