தட்டினால் பாடும் கல்

நெல்லையப்பர் கோயிலுக்குச் சின்ன வயதில் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்குச் சாமியைவிட மணி மண்டபத்துத் தூண்கள்மேல்தான் கண். நம்ம ஊரின் பழைய கச்சேரி மேடை எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். நடுவில் ஒரு பெருந்தூண், அதைச் சுற்றி ஒல்லி ஒல்லியாகச் சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை, தனித்தனியாகச் செய்து ஒட்டவில்லை. விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும்.

மாயம் ஒன்றுமில்லை. கல் அதிர்கிறது, அவ்வளவுதான். ஒரே உயரமுள்ள தூண்களில் ஒல்லியானது தாழ்ந்த சுரமும் தடித்தது உச்ச சுரமும் தரும். ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாதே, அந்தச் சிற்பி எத்தனை தடவை தட்டித் தட்டிக் கேட்டிருப்பார்!

7ஆம் நூற்றாண்டின் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் கட்டிய மண்டபம் என்பார்கள். சாமி சன்னதியையும் காந்திமதி அம்மன் சன்னதியையும் சேர்க்கிற சங்கிலி மண்டபம் ரொம்பப் பிந்தியது, நாயக்கர் காலத்து அதிகாரி வடமலையப்ப பிள்ளையன் 1647இல் கட்டினது.

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிப்போனேன். தூணில் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய் தடவினமாதிரி மினுங்கியது. "மாமா, ஒரே ஒரு தட்டு?" என்றான். "வேண்டாம்லே, கல்லும் தேயும்" என்றேன். காதை மட்டும் தூணில் வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்ன, அல்வாக் கடை வரிசைதான்.