இலுசியோனை இழந்தவர்

ஸ்பெயினின் மத்ரித் நகரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், எதிர் மேசையில் இருந்த மூத்த பிழைதிருத்துநர் வேலையிலிருந்து விலகப் போவதாகச் சொன்னார். காரணம் கேட்டதற்குத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "இலுசியோன் போய்விட்டது" என்றார். ஆங்கில 'இல்யூஷன்' வழியே அந்த ஸ்பானியச் சொல்லை மாயை என்று மனத்தில் பதித்திருந்தவன் நான். மாயை விலகினால் தெளிவு பிறக்கும் என்று கேட்டு வளர்ந்தவனும்கூட. ஆகவே, "மிகவும் நல்லது" என்று மனமாரச் சொன்னேன். அவர் கையிலிருந்த சிவப்புப் பென்சிலை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அகராதியைப் புரட்டியபோதுதான் நான் செய்த பிழையின் கனம் தெரிந்தது. ஏளனம் செய்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஸ்பானியத்திலும் மாயை என்ற பொருள் உண்டு. ஆனால் வரப்போகும் ஒன்றை எண்ணி உள்ளம் இப்போதே கொள்ளும் மகிழ்ச்சியையும் அதே சொல் குறிக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்கள் தனக்கும் பரிசு கொண்டுவருவார்கள் என்று ஜனவரி 5 இரவு காலணிகளை எடுத்து வைத்துவிட்டு, உறக்கம் வராமல் புரளும் குழந்தையிடம் இருப்பது அதுதான். இந்த நற்பொருள் ஸ்பானியத்துக்கே உரியது என்று கருதிய மெய்யியலாளர் ஹூலியான் மரியாஸ், 1984இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

புதுச் சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பல அடித்தல்கள் உள்ளன. 'நம்பிக்கை' என்றால் ஐயத்தின் நிழல் படிகிறது. 'எதிர்பார்ப்பு' என்றால் கணக்குப் பார்க்கும் தொனி வந்துவிடுகிறது. 'ஆவல்' அருகில் வந்தாலும் அதில் பொறுமையின்மைதான் மிகுதி. கடைசியில் நம் வீடுகளில் புழங்கும் 'ஆசை ஆசையாய்' என்ற தொடரை எழுதினேன். ஆசை ஆசையாய்ச் செய்யும் வேலையில் முடிவின் இனிப்பு தொடக்கத்திலேயே கலந்திருக்கிறது அல்லவா? இச்சொல்லைப் பயன்படுத்தும்போது இன்றும் நான் கவனமாக இருக்கிறேன். 'இலுசியொனாதோ' என்றால் அந்த மகிழ்ச்சியில் திளைப்பவர். 'இலுசோ' என்றாலோ எளிதில் ஏமாறும் அப்பாவி.

அவருடைய கடைசி நாளன்று, சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டார். "முன்பெல்லாம் புதுத் தாள்கட்டின் நூலை அவிழ்க்கும்போதே கை பரபரக்கும்; இப்போது நூலை மட்டும் அவிழ்க்கிறேன்" என்றார்.