மெத்தில் அயோடைடும் மூன்று நாள் அலைச்சலும்

ஆய்வகத்தில் ஒரு ஃபீனாலில் (பென்சீன் வளையத்தில் OH உள்ள சேர்மம்) ஒரு மெத்திலை (CH₃ தொகுதி) ஒட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான். காரமாகப் பொட்டாசியம் கார்பனேட், கரைப்பானாக அசிட்டோன், மெத்திலைக் கொடுக்க மெத்தில் அயோடைடு. அரை நாள் வேலை என்று நினைத்து இறங்கினேன். மூன்று நாள் பிடித்தது.

முதல் நாள் ரசாயன ஸ்டோரிலேயே போயிற்று. இண்டென்டில் (பொருள் கேட்கும் படிவம்) கையெழுத்தெல்லாம் சரி, ஆபத்து மதிப்பீட்டுத் தாளைத்தான் வைக்கவில்லை. "விஷச் சரக்கு சார், தாள் இல்லாமல் எடுத்துத் தர மாட்டேன்" என்றார் ஸ்டோர்காரர். அவசரமாக எழுதிக்கொண்டு ஓடினால், பூட்டிவிட்டுப் போய்விட்டார். தாள் கேட்டது நியாயம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வேலையிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரிக்கு ஏசிஜிஐஎச் (அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு) மெத்தில் அயோடைடுக்கு வைத்திருக்கும் வரம்பே 2 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

மறுநாள் பாட்டில் கிடைத்தது. திறந்து பார்த்தால் துருத் தண்ணீர் மாதிரி பழுப்பு! நிறமே இல்லாமல் இருக்க வேண்டிய திரவம். வெளிச்சம் பட்டால் கார்பன்–அயோடின் பிணைப்பு உடைந்து அயோடின் வெளியேறும், அந்த நிறம்தான் இது. ஜன்னலோர அலமாரியில் வைத்திருக்கிறார்கள். "சீல் உடைக்கவே இல்லையே, நல்ல சரக்குதான்" என்று ஸ்டோர்காரர் சாதித்தார். வாதாடிப் பயனில்லை.

கழுவுவது என்று முடிவு செய்தேன். ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அறை) பிரிபுனலில் ஊற்றி, சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் சேர்த்து இரண்டே குலுக்கல், பழுப்பு சட்டென்று மறைந்தது. பார்க்கவே ஆனந்தம். ஆனால் இரண்டு விஷயம். கொதிநிலை வெறும் 42 டிகிரி, அதனால் குலுக்கும்போது அடிக்கடி வாயுவைத் திறந்துவிட வேண்டும். தயோசல்ஃபேட் மெத்தில் அயோடைடோடும் வினைபுரியும், ஊறவிடக் கூடாது. அடர்த்தி 2.28 என்பதால் நமக்கு வேண்டியது கீழ் அடுக்கு. பழக்க தோஷத்தில் மேலே இருப்பதை எடுத்து வைத்துவிடாதீர்கள். தண்ணீரால் கழுவி, கால்சியம் குளோரைடில் உலர்த்தி, வடித்தேன்.

மூன்றாம் நாள் வினை. 10 மில்லிமோலுக்கு 1.42 கிராம், அதாவது 0.62 மில்லி. நான் சிரிஞ்சில் 1.4 வரை இழுத்துவிட்டு, அப்புறம்தான் அடர்த்தியால் வகுக்கவில்லை என்று உறைத்தது. மிச்சத்தைப் பாட்டிலுக்குத் திருப்பும்போது ஊசி முனையில் தானாகவே சொட்டு கசிந்து விரலில் விழுந்தது. கை வெப்பத்துக்கே ஆவியாகி உள்ளிருந்து தள்ளும் சரக்கு இது. நைட்ரைல் கையுறையை வெகுசீக்கிரம் ஊடுருவிவிடும், தோல் வழியாகவும் உடலில் ஏறும், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். நல்லவேளை, உள்ளே பல அடுக்கு லேமினேட் கையுறை போட்டிருந்தேன். மேலே போட்டிருந்த நைட்ரைல் கையுறையை அந்த நொடியே கழற்றி ஹூடுக்குள்ளேயே போட்டேன். சிரிஞ்சை முன்கூட்டியே குளிர வைத்திருக்கலாம்.

வினை பிரச்சினை இல்லாமல் முடிந்தது. மிஞ்சிய மெத்தில் அயோடைடோடு அப்படியே ரோட்டவேப்பில் (வெற்றிடத்தில் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஏற்றினால் எல்லாம் பம்ப் வழியாக அறைக்குள் வரும். முதலில் அம்மோனியா கரைசல் விட்டுக் கலக்கி அதைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஏற்றினேன்.

என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) 3.8 பிபிஎம் அருகே மூன்று புரோட்டானுக்கு ஒற்றைக் கோடு, சுத்தமாக: மெத்தில் ஒட்டிவிட்டது. மிச்சச் சரக்கு செம்புக் கம்பித் துண்டோடு பழுப்புப் பாட்டிலில், ரசாயன ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஒரு மாதமாகிறது, இன்னும் நிறம் மாறவில்லை.