ஃப்ளேம் டிடெக்டரின் பச்சை விளக்கு எதற்குச் சாட்சி?

பெட்ரோல், டீசல் டெர்மினல்களிலும் கரைப்பான் கிடங்குகளிலும் கம்பத்தின் உச்சியில் தலை கவிழ்ந்து நின்று தீச்சுடரைக் கண்டறியும் ஃப்ளேம் டிடெக்டர்களை நிறுவுவதும் பராமரிப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். இக்கருவியைப் பற்றி ஆலைகளில் நான் மிகுதியாகக் கேட்ட வாக்கியம், "எல்லாம் நார்மல்தான், பச்சை எரிகிறது" என்பதாகும். அந்தப் பச்சை விளக்கு மூன்று செய்திகளுக்கு மட்டுமே சாட்சி: கருவிக்கு மின்சாரம் வருகிறது, உள்ளிருக்கும் மின்சுற்றில் பழுதில்லை, முன்கண்ணாடி ஓரளவு தூய்மையாக இருக்கிறது. மூன்றாவதைக் கூட, தன்னிடமே உள்ள ஒரு சிறு விளக்கின் ஒளியைக் கண்ணாடி வழியே செலுத்தி, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துத்தான் பல மாடல்கள் அறிந்துகொள்கின்றன. நாற்பது மீட்டருக்கு அப்பால் தீப்பற்றினால் அது இக்கருவிக்குத் தெரியுமா என்று கேட்டால் பச்சை விளக்கிடம் விடை இல்லை.

கருவி எதைத் தேடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். பெட்ரோலோ டொலுவீன் போன்ற கரைப்பானோ எரியும்போது உண்டாகும் சூடான கார்பன் டை ஆக்சைடு, 4.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய பகுதியில் அகச்சிவப்புக் கதிரை வலுவாக வீசும். இன்று பரவலாக உள்ள ட்ரிப்பிள் ஐ.ஆர். டிடெக்டர் அந்தப் பகுதியையும் அதற்கு இருபுறமும் உள்ள வேறு இரண்டு பகுதிகளையும் சேர்த்து அளந்து ஒப்பிடுகிறது. வெயில், ஹாலஜன் விளக்கு, சூடான புகைபோக்கிக் குழாய் போன்றவை மூன்றிலும் கதிர் வீசும். சுடரின் கதிரோ நடுப்பகுதியில் மட்டும் ஓங்கி நிற்பதோடு, வினாடிக்குச் சில முறை துடிக்கவும் செய்யும். புற ஊதா வகை டிடெக்டர் 185 முதல் 260 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தேடுகிறது. சூரியனிலிருந்து வரும் அந்தப் பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் வெயில் அதற்குப் பொருட்டில்லை. வெல்டிங் சுடரும் மின்னலும் அதை எளிதில் ஏமாற்றிவிடும். கண்ணாடியில் படிந்த மெல்லிய எண்ணெய்ப் படலமோ அதைக் குருடாக்கிவிடும்.

ஆகவே எந்தப் பொருள் எரியக்கூடும் என்ற கேள்வியே கருவித் தேர்வில் முதலில் எழ வேண்டியது. ஹைட்ரஜனில் கார்பன் இல்லை. அது எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே ஏறக்குறையத் தெரியாத அந்தச் சுடரின் முன்னால், பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பனுக்கென்று செய்த ட்ரிப்பிள் ஐ.ஆர். டிடெக்டர் பச்சை விளக்கோடு அமைதியாக நின்றுகொண்டிருக்கும். அங்கே புற ஊதா வகையோ, சூடான நீராவியின் கதிரைத் தேடும்படி அமைக்கப்பட்ட தனி மாடலோ வேண்டும். பழைய ஆலையில் புதிதாக ஒரு ஹைட்ரஜன் பிரிவைச் சேர்க்கும்போது, ஸ்டோரில் மிச்சமிருக்கும் டிடெக்டர்களையே எடுத்து மாட்டிவிடும் சிக்கனத்தை நான் எப்போதும் எதிர்த்து வந்திருக்கிறேன்.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் உள்ள இந்தியன் ஆயில் டெர்மினலில் பெட்ரோல் கசிந்து, சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆவியாகப் பரவிய பிறகே வெடித்தது. பதினொரு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எவ்வளவு சிறந்த ஃப்ளேம் டிடெக்டராலும் எதையும் செய்திருக்க முடியாது, ஏனென்றால் சுடரே இல்லை. கசிவைக் கண்டறிவது கேஸ் டிடெக்டரின் வேலை. ஒன்றை வாங்கிவிட்டோம் என்பதற்காக மற்றொன்றைக் குறைத்துக்கொள்ளும் திட்ட வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜெய்ப்பூர்தான் நினைவுக்கு வருகிறது.

நிறுவும் வேலையில் என் நேரத்தின் பெரும்பகுதி இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே போகும். விற்பனைக் கையேட்டில் 65 மீட்டர் என்று தடித்த எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும், ஓரடிச் சதுரத் தட்டில் என்-ஹெப்டேன் என்ற திரவ எரிபொருளை எரித்து, கருவியை நேருக்கு நேர் வைத்து, உணர்திறனை உச்சத்தில் நிறுத்தி அளந்த தூரம். மெத்தனால் எரிந்தால் அதே கருவியின் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். பார்வைக் கூம்பின் ஓரத்தில் தீ இருந்தால் இன்னும் குறையும். தூரம் இருமடங்கானால் வந்து சேரும் கதிர் நான்கில் ஒரு பங்காகிவிடுவதால், அதே எச்சரிக்கையைப் பெற நான்கு மடங்கு பரப்புள்ள தீ வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மூலைக்கு ஒன்றாக மாட்டிவிட்டுப் போவதற்கு வடிவமைப்பு என்று பெயர் வைப்பது தவறு.

டேங்கர் லாரிகளில் எரிபொருள் நிரப்பும் கேன்ட்ரியை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் வந்து இடம் பார்ப்பது பெரும்பாலும் லாரி இல்லாத நேரத்தில். அப்போது தரை முழுவதும் திறந்த வெளியாகத் தெரியும், இரண்டு டிடெக்டர் போதும் என்று தோன்றும். எல்லா லோடிங் பேக்களிலும் லாரிகள் வந்து நின்ற பிறகு அதே இடம் இரும்புச் சுவர்களால் தடுக்கப்பட்ட சந்துகளாக மாறிவிடும். சிந்திய பெட்ரோல் தேங்குவதோ லாரிக்கு அடியில்தான். எனவே லாரிகள் நிறைந்திருக்கும் வேளையில் போய், தீப்பற்றக்கூடிய இடத்தில் குனிந்து நின்று, டிடெக்டர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதே நான் நம்பும் முறை. அங்கிருந்து டிடெக்டர் தெரியவில்லை என்றால் டிடெக்டருக்கும் அந்த இடம் தெரியாது. ஒவ்வோர் இடத்தையும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து குறைந்தது இரண்டு கருவிகள் பார்க்க வேண்டும். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் தீயணைப்பு நுரையைத் திறப்பது என்று கட்டுப்பாட்டுப் பேனலில் அமைத்திருந்தால் இது மேலும் அவசியமாகிறது, ஏனென்றால் ஒரே ஒரு கருவி மட்டும் பார்க்கும் மூலையில் தீப்பற்றினால் வெறும் மணி மட்டுமே அடிக்கும்.

டிடெக்டரின் முகம் எப்போதும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மழை நீரும் தூசியும் கண்ணாடியில் தங்காமல் இருக்க இது உதவும். தொடுவானத்தையும் ஆலையின் மிச்ச வாயுவை எரித்தபடி தொலைவில் நிற்கும் ஃப்ளேர் கம்பத்தையும் பார்வையிலிருந்து விலக்கவும் இதுவே வழி. மணலி போன்று ஆலைகள் நெருக்கமாக உள்ள பகுதியில் பக்கத்து வளாகத்தின் ஃப்ளேரையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். கருவியை அதிராத கம்பத்தில் பொருத்துவதும், ஏணி வைத்து எட்டக்கூடிய இடத்தில் வைப்பதும் பிற்பாடு பராமரிப்பவனுக்குச் செய்யும் உபகாரம். எட்டாத உயரத்தில் உள்ள டிடெக்டர் துடைக்கப்படாத டிடெக்டராகவே இருக்கும்.

கேபிளைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். பேனலிலிருந்து 500 மீட்டர் தொலைவில் கருவி இருந்தால், போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து ஒரு கிலோமீட்டர். கண்ணாடியைச் சூடேற்றும் ஹீட்டரும் சேர்த்து ஒரு டிடெக்டர் 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் வழியில் இழப்பது 1.8 வோல்ட்; அதில் குறையில்லை. அதே கம்பி இணையின் கடைசியில் ஐந்து டிடெக்டர்களைத் தொடுத்துவிட்டால் இழப்பு 9 வோல்ட்டாகிறது. 24 வோல்ட்டில் புறப்பட்டது 15 வோல்ட்டாகப் போய்ச் சேரும். பல மாடல்களுக்குக் குறைந்தபட்சம் 18 வோல்ட் வேண்டும். மின்வாரிய மின்சாரம் நின்று பேட்டரியில் ஓடும்போது நிலைமை இன்னும் மோசமாகும். முதன்முதலில் இயக்கிப் பார்க்கும் கமிஷனிங் நாளில் ஹீட்டர்கள் ஓய்ந்திருந்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்து, ஹீட்டர்கள் ஓடத் தொடங்கியதும் கடைசி இரண்டு டிடெக்டர்கள் மாறி மாறி உயிர்விட்டு எழுந்த ஓர் ஆலையைப் பார்த்திருக்கிறேன். மின்னழுத்தத்தைப் பேனலில் அளந்து எழுதிக்கொள்வதில் பயனில்லை. எல்லாக் கருவிகளும் முழுச் சுமையில் இருக்கும்போது கடைசி டிடெக்டரின் முனையில் அளக்க வேண்டும்.

அந்த முனையில் அளப்பதற்கு மூடியைத் திறந்தாக வேண்டும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஃப்ளேம்ப்ரூஃப் உறை என்றால் உள்ளே வாயு புகாது என்று பலரும் நினைக்கிறார்கள். வாயு புகும், உள்ளே அது வெடித்தாலும் உறை உடையாமல் தாங்கி, வெளியேறும் சூடான வாயுவை மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் குளிரவைத்து அனுப்புவதே அவ்வுறையின் தத்துவம். அந்த இடைவெளி அமைந்த மரைகளில் பெயின்ட் பூசுவதும், டேப் சுற்றுவதும், துருவைத் தேய்க்க உப்புத்தாளைப் பயன்படுத்துவதும், ஒரு போல்ட் தொலைந்தால் கைக்குக் கிடைத்ததைப் போடுவதும் அந்தப் பாதுகாப்பை முழுவதுமாக இல்லாமல் ஆக்கிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, கேஸ் மீட்டரால் சோதித்து, வேலைக்கான எழுத்து அனுமதியான பர்மிட்டைப் பெற்ற பிறகே மூடி கழல வேண்டும். மின்சாரம் ஓடும்போதே அளந்தாக வேண்டிய நாளில், பர்மிட்டில் அதைத் தனியாக எழுதி, வாயு இல்லை என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இந்தியாவில் பெட்ரோலிய வளாகங்களுக்கு, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற உறை வேண்டும். கேபிள் நுழையும் துளையில் பொருத்தும் கிளாண்டுக்கும், பயன்படாத துளையை அடைக்கும் பிளக்குக்கும் உரிய சான்று இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பராமரிப்பில் முதல் வேலை கண்ணாடியைத் துடைப்பது. எண்ணூர் போன்ற கடலோர இடங்களில் உப்பும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து படிவதால், ஆண்டுக்கொரு முறை என்ற அட்டவணை அங்கே பொருந்தாது. காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறுவதோடு நிலை மின்சாரமும் உண்டாகும். தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தில் நனைத்த மென்துணியே சரி. மழைக்குப் பாதுகாப்பாக டிடெக்டரின் முகத்துக்கு முன்னால் அக்ரிலிக் தகடு பொருத்தியிருந்ததை ஓரிடத்தில் கண்டேன். அக்ரிலிக்கும் சாதாரண ஜன்னல் கண்ணாடியும் மேலே சொன்ன இரண்டு வகைக் கதிர்களையும் பெருமளவு தடுத்துவிடும் என்பதால்தான் டிடெக்டர்களில் சஃபயரும் குவார்ட்ஸும் பயன்படுகின்றன. தன் கண்ணாடியை மட்டுமே சோதித்துக்கொள்ளும் கருவிக்கு வெளியே நின்ற தகடு தெரியவில்லை. பச்சை விளக்கு தடையின்றி எரிந்துகொண்டிருந்தது. பெயின்ட் அடிக்கச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, சாரத்தின் மேல் விரித்த தார்ப்பாய், கம்பத்தை ஒட்டி வளர்ந்த மரக்கிளை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். துடைக்கப் போகிறவர் கண்ணாடியோடு நிற்காமல், கருவி பார்க்கும் திசையில் தானும் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

உண்மையான சோதனை என்பது சுடரைப் போலவே கதிர் வீசும் சிமுலேட்டர் விளக்கைப் பிடித்து எச்சரிக்கையை வரவழைப்பதே. ஒரு நிறுவனத்தின் விளக்கு மற்றொரு நிறுவனத்தின் டிடெக்டருக்குப் பொதுவாக உதவாது. ஆபத்துப் பகுதியில் பயன்படுத்த விளக்குக்கும் சான்று வேண்டும். ஆனால் விளக்கைப் பிடிப்பதற்கு முன்னால், அந்த எச்சரிக்கை எதையெல்லாம் இயக்கும் என்பதைக் காரண விளைவு அட்டவணையில் பார்த்துவிட வேண்டும். நுரை கொட்டினால் நஷ்டத்தோடு போகும். கார்பன் டை ஆக்சைடு நிரப்பும் அறையாக இருந்தால் உயிரே போய்விடும். தீயை அணைக்கத் தேவைப்படும் 34 சதவீத அளவில் அந்த வாயுவைச் சுவாசிக்கும் மனிதன் ஓரிரு மூச்சில் நினைவிழப்பான்.

1998 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூட வளாகத்தில் மின் பராமரிப்பு நடந்துகொண்டிருந்த கட்டடத்தில், முன்னெச்சரிக்கை மணி அடிக்காமலேயே கார்பன் டை ஆக்சைடு திறந்துகொண்டது. ஒருவர் இறந்தார், வேறு சிலர் உயிராபத்தான நிலைக்குப் போனார்கள். அங்கே தீயும் இல்லை, சுடரும் இல்லை. பேனலில் அந்த அமைப்பை மின்னணு முறையில் முடக்கி வைத்திருந்தார்கள்; குழாயைக் கையால் அடைத்துப் பூட்டவில்லை. பேனலில் இப்படி அமைப்பை முடக்கிவைக்கும் பைபாஸ் ஒரு மென்பொருளின் வாக்குறுதி மட்டுமே என்பதால், ஆட்கள் உள்ளே இருக்கும் வரை வாயுக் குழாயில் உள்ள தடுப்பு வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். இதனால் கால் மணி நேரம் வீணாகிறது என்று முணுமுணுப்பவர்கள் எல்லா ஆலைகளிலும் உண்டு.

பைபாஸ் போட்டிருக்கும் நேரத்தில் அந்தப் பகுதிக்குக் கருவியின் காவல் இல்லை. ஆகவே தீயணைப்பானோடு ஒருவர் அங்கே நிற்பதும், லோடிங்கை நிறுத்துவதும், பைபாஸ் எப்போது முடியும் என்பதைப் பர்மிட்டில் மணியோடு எழுதுவதும் வேண்டும். வெல்டிங் வேலைக்காகப் போட்ட பைபாஸ், ஷிஃப்ட் மாறியதும் யாருக்கும் உரியதில்லாமல் போய்விடுகிறது. பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும்.

திரும்பச் சேவைக்குக் கொண்டுவருவதில் வரிசை முக்கியம். பல டிடெக்டர்கள் எச்சரிக்கையை நாமாக ரீசெட் செய்யும் வரை பிடித்துவைத்திருக்கும். அதை மறந்து பைபாஸை நீக்கினால் அந்தக் கணமே நுரை திறக்கும். முதலில் டிடெக்டரை ரீசெட் செய்து, சிக்னல் எச்சரிக்கை இல்லாத நிலையைக் குறிக்கும் 4 மில்லி ஆம்பியருக்குத் திரும்பிவிட்டதா என்று பேனலில் பார்க்க வேண்டும். பிறகு ரிலேக்கள் சாதாரண நிலைக்கு வந்தனவா என்று பார்த்து, பைபாஸை நீக்கிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆட்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று பெயர் சொல்லி எண்ணிய பிறகே தடுப்பு வால்வின் பூட்டைத் திறக்க வேண்டும். வால்வு முழுவதும் திறந்திருப்பதைப் பேனலில் இருப்பவரும் களத்தில் இருப்பவரும் தனித்தனியே உறுதிசெய்து கையெழுத்திட்டால் பர்மிட்டை மூடலாம்.