கடல்குதிரையைக் கடித்தது யார்?

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பெட்டியில் முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைப்பார்கள். நான் கூடவே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிங்கப்பூர்க் காசுகளையும் வைத்தேன். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த பெரியப்பா, ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொடுத்தவை. அவர் இப்போது இல்லை. பெரியம்மா உட்லண்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறார்.

டப்பாவில் ஒரு காசின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை. 1967இல் வந்த முதல் வரிசையைச் சேர்ந்த, கடல்குதிரை போட்ட பத்துக் காசு. அதன் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கடி. அச்சடிக்கும்போதே இப்படிக் குறையாக வந்த காசுக்கு விலை அதிகம் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து, போகவரச் செலவை இந்தக் கடல்குதிரை தலையில் எழுதி வைத்திருந்தேன்.

முதலில் ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கி சுங்கை ரோடு பக்கம் நடந்தேன். பெரியப்பா ஞாயிறு தவறாமல் சுற்றிய பழைய பொருள் சந்தை அங்கேதான் இருந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். தெரிந்துதான் போனேன், ஆனாலும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு நடந்து வந்து ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், குடித்துவிட்டு, சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய வணிக வளாகத்தில் இருந்த காசுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழர், அறுபது வயதிருக்கும்.

கடல்குதிரையை எடுத்து நீட்டினேன். கடிபட்ட இடத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு நேர் எதிர் விளிம்பில் லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்தார்.

“தம்பி, கடி இந்தப் பக்கம் இருந்தா அடையாளம் அந்தப் பக்கம் இருக்கணும்.”

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கும்போது தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்து பிறை போல ஒரு பகுதி குறையும். அப்புறம்தான் வில்லையை உருட்டி நெருக்கி விளிம்பை எழுப்புகிறார்கள். கடிபட்ட இடத்தில் நெருக்க உலோகம் இல்லை. அதனால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாமல் விளிம்பு மழுங்கிப் போகும். இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். கடிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளும் இழுபட்டது போல மெலிந்திருக்கும். என் காசில் எதிர் விளிம்பு கிண்ணென்று நின்றது. கடியை ஒட்டிய எழுத்து கத்தியால் நறுக்கியது போலப் பாதியில் முடிந்தது. வெட்டுப்பட்ட உட்பக்கத்தில் நெருக்கமாக நெடுங்கோடுகள் வேறு.

“அரத்தால தேய்ச்சிருக்காங்க” என்றார். போகவரச் செலவு போயிற்று.

முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, டப்பாவை மேசையில் கொட்டச் சொன்னார். ஒரு செண்டு காசு ஒன்றில் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள். காந்தத்தை வைத்தார், ஒட்டிக்கொண்டது. வெண்கலமாக இருந்த ஒரு செண்டை 1976 வாக்கில் செம்பு பூசிய இரும்பாக மாற்றினார்கள். உள்ளே இரும்பு துருப்பிடித்தால் உப்பிக்கொண்டு மேலே இருக்கும் செம்பைத் தூக்கிவிடும். ஈரப்பதத்தில் கிடந்ததற்கு காசு அடிக்கும் அச்சுச்சாலை என்ன செய்யும்! இன்னொன்றில் ஆண்டு இரண்டு தடவை அடித்தது போல நிழல் விழுந்திருந்தது. அந்த நிழல் தட்டையாக, படிக்கட்டு மாதிரி இருந்தது. எண்ணின் உடம்பும் அந்த அளவுக்கு மெலிந்திருந்தது. அடித்த நொடியில் தளர்வான அச்சு கொஞ்சம் நகர்ந்து தேய்த்ததால் வருவது இது. சாலைக்குள் நடந்ததுதான், ஆனால் யாரும் பணம் தர மாட்டார்கள். அச்சிலேயே உருவம் இரண்டாக விழுந்திருந்தால் இரண்டுமே உருண்டு திரண்டு மேடாக நிற்கும், எழுத்தின் முனைகள் பிளந்து தெரியும்.

கடைசியில் ஓர் ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்த சதுரக் காசை எடுத்தார். சிங்கப்பூரும் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் காலனியான ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் கால ஒரு செண்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை, முனை மழுங்கிய சதுரம். 1919 தொடங்கி 1926 வரை அடித்த வகை. ராஜாவின் கழுத்தில் கீறல் விழுந்துவிட்டது என்று அதை நான் மதித்ததே இல்லை.

“நகத்தால தடவிப் பாருங்க.”

தடவினேன். நகம் பள்ளத்தில் இறங்கவில்லை, ஏறி இறங்கியது.

கீறல் என்றால் பள்ளம் இருக்கும், தள்ளப்பட்ட உலோகம் அதன் ஓரத்தில் வரப்பு கட்டியிருக்கும். இது கோடே மேடாக நின்றது. அடித்து அடித்து அச்சில் விரிசல் விட்டால், அடுத்து அடிக்கும் காசின் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து மேட்டுக்கோடாகிவிடும். ராஜாவின் மீசையும் கிரீடமும் தேய்ந்தது கைபட்டுத்தான். உயரமான இடங்கள் முதலில் தேயும். கழுத்துக் கோடு மட்டும் அச்சுச்சாலையிலேயே வந்தது.

“அப்ப விலை?” என்றேன் ஆசையாக.

“சின்ன விரிசல்தானே. சும்மா ஒண்ணு ரெண்டு டாலர் கூடக் கிடைக்கும்.”

விற்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கடல்குதிரைக் கதையைச் சொன்னேன். பெரியம்மா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இதுக்கா கடைவரைக்கும் போனே? புது அரம் வாங்கிட்டு வந்தா உங்க பெரியப்பா மொதல்ல ஒரு காசுலதான் தேய்ச்சுப் பார்ப்பாரு. காசை வீணாக்காதீங்கன்னு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்.”

காசைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டியபடி இருந்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பால் காய்ச்சப் போனார்.