பதினைந்து நிமிடத்தில் பால் எடுக்க முடியுமா?

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்றதும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிற கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். 26 வாரம் என்றால் 182 நாள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாள்கூட எடுக்காதவருக்கு அது சரி. முன்கூட்டியே 8 வாரம் வரை எடுக்கலாம் என்கிறது சட்டம். கால் வீங்கி, நிற்க முடியாமல் அதை எடுத்தவருக்கு மிச்சம் 18 வாரம்தான். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு அம்மா பஸ் ஏற வேண்டும். மூன்றாவது குழந்தை என்றால் மொத்தமே 12 வாரம்.

அதன் பிறகுதான் சிக்கலே. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்வரலாம் என்றது மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம். அந்த நாலிலேயே அவருடைய ஓய்வு இடைவேளையும் அடக்கம்! 49 பேர் இருக்கும் இடத்தில் காப்பகம் கட்டாயமில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. அது எத்தனை நிமிடம் என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கான 1963 மத்திய விதியில் அது தலா 15 நிமிடம், போய்வரக் கொஞ்சம் கூடுதல்.

குழந்தை பக்கத்து அறையில் இருக்கிறது என்று நினைத்து எழுதிய விதி இது. குழந்தையோ பாட்டியிடம், ஒரு மணி நேரப் பயண தூரத்தில். அப்படியானால் தாய் செய்யக்கூடியது பாலை எடுத்து வைப்பதுதான். கையால் எடுக்க, கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் காம்பிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சு நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு மறுபக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் 20 முதல் 30 நிமிடம் ஆகும். கை கழுவி, மூடி இறுக்கி, தேதி எழுத வேறு நேரம் வேண்டும்.

எடுக்காமல் விட்டால் முதலில் மார்பு கல்லாகிப் பால் கட்டும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். உள்ளே பால் தேங்கினால் சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்புக்குச் சேதி போகிறது. சில வாரத்தில் ‘பால் பத்தலை’ என்று பவுடர் டப்பா வீட்டுக்கு வரும். இதைத் தாயின் உடம்புக் குறையாகப் பேசுவது அநியாயம்.

எடுத்த பால் 25 டிகிரி அறையில் நாலு மணி நேரம் தாங்கும். நம் ஊர் மே மாத மதியத்துக்கு அந்தக் கணக்கை நம்பக் கூடாது, நேராகக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம். ஃபிரிட்ஜின் உள்தட்டில், கதவில் அல்ல, நாலு நாள். மேலே ஆடை பிரிந்து நிற்பதைப் பார்த்து ‘திரிஞ்சுபோச்சு’ என்று வீட்டில் கொட்டிவிடுவார்கள். அது கொழுப்பு, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். புகட்டப் புட்டியைவிட, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடை நல்லது, கழுவ எளிது.

ஆகவே விதியில் எழுத வேண்டியது: இடைவேளை தலா 30 நிமிடம், உள்ளே தாழ் போடக்கூடிய அறை, நாற்காலி, கை கழுவும் தொட்டி, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. ஆள் எண்ணிக்கை எதுவானாலும். கழிவறையில் நின்றுகொண்டு குழந்தையின் சாப்பாட்டைத் தயாரிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சித்தாளுக்கு இந்த விதி எதுவும் எட்டாது, அவருக்கு மேஸ்திரிதான் நிறுவனம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கத்தை ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு யாரும் கூலியை விட்டு வீட்டில் உட்கார முடியாது.